மாங்கூழ் போனபின் மிஞ்சுவது யாருக்கு?

ஜூன் மாதக் காலையில் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள சாலைகளில் போனால் ஒரு புளித்த வாடை மூக்கில் ஏறும். முன்னால் போகும் டிராக்டர் டிரெய்லரிலிருந்து மஞ்சள் நீர் சொட்டிக்கொண்டே போகும். உள்ளே இருப்பது மாங்கூழ் ஆலையில் கூழ் எடுத்தபின் மிஞ்சிய தோலும் கொட்டையும். பின்னாலேயே போய்ப் பார்த்தால், பல நேரம் ஒரு தரிசு நிலத்திலோ ஏரிக்கரையிலோ அது கொட்டப்படும். இரண்டு நாளில் அங்கே ஈ மொய்க்கும். நான்கு நாளில் அந்தப் பக்கம் நடக்க முடியாது.

அந்த டிரெய்லரில் போவது உங்கள் பழம்தான். ஒரு வருடம் உழவு, உரம், மருந்து, காவல் என்று செலவு செய்து, நீங்கள் எடை போட்டு விற்ற பழத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் கேள்விப்படும் அளவுக்கு எளிதாகக் கைக்கு வருமா? வராது. எது கைக்கு வரும், எது வராது என்று நேராகக் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. 2025 பருவத்தில் பெங்களூரா ரகத்தின் விலை எப்படிச் சரிந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துச் சித்தூர் மாவட்டத்தில் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும் என்று ஆந்திர அரசு அறிவித்து, தன் பங்காக 4 ரூபாய் சேர்க்க வேண்டியிருந்தது. விலை இப்படி விழும் ஆண்டில் பழத்தின் ஒவ்வொரு பகுதியும் கணக்கில் வர வேண்டும். ஆலை உங்களிடம் விலை பேசும்போது கூழின் விலையை மட்டும் வைத்துத்தான் பேசுகிறது. தோலும் கொட்டையும் ‘கழிவு’ என்று கணக்கிலிருந்து போய்விடுகின்றன.

ஒரு டன் பழத்தின் கணக்கு

கிருஷ்ணகிரி ஆலைகளில் அதிகம் அரைபடுவது பெங்களூரா. சிலர் கிளிமூக்கு என்பார்கள். அடுத்தது அல்போன்சா. ரகம், பருமன், பழுத்த பதம், ஆலையின் இயந்திரம் ஆகியவற்றைப் பொறுத்து அளவுகள் மாறும். புரிந்துகொள்ள வசதியாக ஒரு தோராயக் கணக்கு எடுத்துக்கொள்வோம்.

1,000 கிலோ பழத்தில் தோலும் அதோடு ஒட்டி வரும் நாரும் சுமார் 150 கிலோ. கொட்டை சுமார் 150 கிலோ. இது தவிர, அழுகியது என்று ஒதுக்கும் பழமும் இயந்திரத்தில் வீணாகும் கூழும் உண்டு.

முதலில் தோல். அதில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர். 150 கிலோ தோலைக் காயவைத்தால் 30 முதல் 35 கிலோதான் மிஞ்சும். ஜாம் கெட்டிப்படச் சேர்க்கும் பெக்டின் என்ற பொருள், காய்ந்த மாந்தோலில் 10 முதல் 20 சதவீதம் வரை உண்டு. ஒரு டன் பழத்துக்கு 3 முதல் 6 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கொட்டை. ஓட்டை நீக்கினால் உள்ளே இருக்கும் பருப்பு ஏறக்குறைய பாதி எடை, அதாவது 75 கிலோ. அதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஈரம். காய்ந்த பருப்பு சுமார் 40 கிலோ. அதில் கொழுப்பு 7 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். பத்து சதவீதம் என்று வைத்தால் 4 கிலோ.

ஆக, ஒரு டன் பழத்திலிருந்து 4 கிலோ கொழுப்பு, 3 கிலோ பெக்டின். ‘மாங்கொட்டையில் தங்கம்’ என்று யாராவது உங்களிடம் இயந்திரம் விற்க வந்தால் முதலில் இந்தக் கணக்கைக் கேளுங்கள். ஆயிரக்கணக்கான டன் அரைக்கும் இடத்தில்தான் இது தொழிலாகும். ஒரு தோப்புக்காரர் தனியாக இதில் இறங்கினால் நட்டம்தான் வரும். ஆனால் இதே தோலும் கொட்டையும் வேறு மூன்று வழிகளில் உங்கள் வீட்டு வாசலுக்கே பயன்படும். அவற்றுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை.

முதல் 24 மணி நேரம்

எந்த வழியில் போனாலும் ஒரு விதி பொதுவானது. ஆலையிலிருந்து வெளிவந்த 24 மணி நேரத்துக்குள் தோலையும் கொட்டையையும் கையாண்டுவிட வேண்டும். தோலில் சர்க்கரையும் ஈரமும் சேர்ந்திருக்கின்றன. காலையில் கொட்டிய குவியல் மாலைக்குள் சூடேறும். மறுநாள் சாராய வாடை வரும். மூன்றாம் நாள் பூஞ்சை. பெக்டின் முதலில் சிதையும். கொட்டைக்குள் இருக்கும் கொழுப்பும் ஈரத்தில் கிடந்தால் காறிப்போகும். காறிய பருப்பை எண்ணெய் ஆலைக்காரர் விலை குறைத்துத்தான் எடுப்பார், அல்லது எடுக்கவே மாட்டார்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மகளிர் குழுவிடம், தோலைக் களத்தில் காயவைத்துப் பொடியாக்கித் தீவனத்துக்கு விற்கலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். மே மாத வெயிலை மனதில் வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் பெங்களூரா ஆலைக்கு வருவது ஜூன், ஜூலையில். அப்போது மேகமூட்டமும் காற்றும் தூறலும்தான். இரண்டு டிரெய்லர் தோல் களத்திலேயே புளித்து நாறியது. அந்தப் பெண்கள் அதை அள்ளிக் குழியில் போட இரண்டு நாள் கூலி போனது. தவறு என்னுடையது. அதிலிருந்து, ‘தோலைக் காயவை’ என்று யாருக்கும் சொல்வதில்லை. இயந்திர உலர்த்தி இல்லாத இடத்தில் தோலை ஈரத்தோடு ஊறுகாய்ப் புல்லாகப் போடுவதே வழி. கொட்டை அப்படியல்ல. ஓடு இருப்பதால் மேகமூட்டத்திலும் பரப்பி, கிளறிவிட்டால் மெல்ல மெல்லக் காயும்.

தோல்: மாட்டுக்குக் கொடுக்கலாம், அப்படியே கொட்டக் கூடாது

மாந்தோலை மாடு விரும்பித் தின்னும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஒரு விவசாயியின் கறவைப் பசுவைப் பார்க்கப் போயிருந்தேன். மாடு அசைபோடவில்லை, வயிறு உப்பி, சாணம் தண்ணீராகப் போனது. முந்தின நாள் ஆலையிலிருந்து ஒரு கூடை தோல் வந்திருக்கிறது. “சும்மா கெடைக்குதேன்னு போட்டேன் சார், அதுவும் ஆசையாத் தின்னுச்சு” என்றார். கால்நடை மருத்துவர் வந்து சோடா உப்புக் கரைசல் கொடுத்துக் காப்பாற்றினார். ஆனால் பால் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை.

நடந்தது இதுதான். சர்க்கரை அதிகமுள்ள தீவனம் திடீரென்று மாட்டின் முதல் வயிற்றுக்குள் போனால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை வேகமாக அமிலமாக்கிவிடும். அமிலம் ஏறியதும் நார்ச்சத்தைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்துப்போகும். கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்ற மாட்டுக்கு வருவதும் இதே நோய்தான்.

ஊறுகாய்ப் புல்லாகப் போட்டால் இந்தச் சர்க்கரையின் பெரும்பகுதி காற்றில்லாத நிலையில் லாக்டிக் அமிலமாக மாறும். தீவனம் கெடாமல் மாதக்கணக்கில் இருக்கும். வழக்கமான ஊறுகாய்ப் புல்லுக்கு வெல்லப்பாகு சேர்ப்போம். இங்கே சர்க்கரை ஏற்கெனவே இருப்பதால் அது தேவையில்லை. குறைய வேண்டியது ஈரம், கூட வேண்டியது புரதம். இரண்டுக்கும் நம் ஊரிலேயே பொருள் இருக்கிறது.

ஒரு கலவைக்கு:

புதிய மாந்தோல் – 100 கிலோ
நறுக்கிய கேழ்வரகுத் தட்டை அல்லது வைக்கோல் – 25 கிலோ
அகத்தி, சூபாபுல், வேலிமசால் போன்ற இலை – 10 கிலோ
உப்பு – அரை கிலோ

இந்த அளவில் கலந்தால் மொத்த ஈரம் 65 சதவீதத்துக்கு அருகில் வரும். ஊறுகாய்ப் புல்லுக்கு அதுதான் பதம். கையில் எடுத்துப் பந்தாகப் பிடியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் வடிந்தால் இன்னும் தட்டை சேர்க்க வேண்டும். பந்து நின்று, கையைத் திறந்ததும் மெல்ல உதிர்ந்தால் சரி.

தட்டையை ஒரு அங்குலத்துக்கு மேல் நீளம் இல்லாமல் நறுக்குங்கள். காற்றுப் புகாத தடித்த பிளாஸ்டிக் பையிலோ மூடியுள்ள டிரம்மிலோ, அரை அடிக்கு ஒரு முறை நன்றாக மிதித்து நிரப்புங்கள். உள்ளே காற்று நின்றால் அந்த இடத்தில் பூஞ்சை வரும். வாயை இறுகக் கட்டி, எலி கடிக்காத நிழலில் வையுங்கள். 40 நாள் கழித்துத் திறக்கலாம். நல்ல சரக்கு இளம்பழுப்பு நிறத்தில் இருக்கும், பழப் புளிப்பு வாசனை அடிக்கும். கறுத்தோ, கொழகொழப்பாகவோ, அழுகல் நாற்றத்தோடோ, வெள்ளை அல்லது பச்சைப் பூஞ்சையோடோ இருந்தால் மாட்டுக்கு வேண்டாம். மேலாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுப்பதும் வேண்டாம். பூஞ்சை நஞ்சு பாலில் இறங்கும்.

பெரிய கறவை மாட்டுக்கு முதல் நாள் 1 கிலோ. பத்து நாளில் படிப்படியாக 5 கிலோ வரை கூட்டலாம். இது பசுந்தீவனத்தில் ஒரு பகுதிக்கு ஈடாகுமே தவிர அடர்தீவனத்துக்கு ஈடாகாது. புரதம் குறைவு என்பதால் பிண்ணாக்கை நிறுத்திவிடாதீர்கள். சினைமாடு, கன்று, ஏற்கெனவே வயிற்றுக் கோளாறு உள்ள மாடு ஆகியவற்றுக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

வண்டிக் கூலியையும் கணக்கில் வையுங்கள். 150 கிலோ தோலை ஏற்றினால் அதில் ஏறக்குறைய 115 கிலோ தண்ணீர். நீங்கள் கொடுக்கும் கூலியில் பெரும்பகுதி தண்ணீரைச் சுமக்கத்தான். ஆலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் மாடு வைத்திருப்பவர்களுக்குத்தான் இது கட்டும்.

கொட்டை: முதல் வாடிக்கையாளர் நாற்றுப் பண்ணை

மாங்கொட்டையில் எண்ணெய் எடுப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன், அதை முளைக்கவைத்துப் பிழைப்பவர்களைப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பகுதியில் மாங்கன்று உற்பத்தி ஒரு ஊர்த் தொழில். ஒட்டுக் கன்று ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு வேர்ச்செடி வேண்டும். அந்த வேர்ச்செடி ஒரு மாங்கொட்டையிலிருந்துதான் வருகிறது. ஆலைக் கொட்டை அங்கே குப்பையல்ல, விதை.

விதையாக விற்க வேண்டுமானால் மூன்று செய்திகளை நினைவில் வையுங்கள்.

முதலாவது, மாங்கொட்டை நெல், கம்பு போலக் காயவைத்துச் சேமிக்கும் விதையல்ல. காய்ந்தால் உயிர் போய்விடும். சாதாரணமாக வைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் முளைப்பை நம்ப முடியாது. பழத்திலிருந்து எடுத்த ஓரிரு வாரத்துக்குள் விதைப்பது நல்லது. விதைக்கும் கொட்டையை நிழலில் வையுங்கள். எண்ணெய்க்கும் தீவனத்துக்கும் போகும் கொட்டையை வெயிலில் போடுங்கள். இரண்டையும் ஒரே களத்தில் கலக்காதீர்கள்.

இரண்டாவது, சில ஆலைகளில் கூழ் எடுப்பதற்கு முன்பே பழத்தை ஆவியில் சூடாக்குவார்கள். அப்படி வெந்த கொட்டை முளைக்காது. வாங்குவதற்கு முன் ஆலையில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐம்பது கொட்டையை மணலில் போட்டுப் பார்த்துவிட்டு லோடு எடுங்கள்.

மூன்றாவது, கொட்டையைத் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை நீக்குங்கள். முடிந்தால் ஓட்டை வெட்டிப் பருப்பை மட்டும் விதையுங்கள். முளைப்பு விரைவாகவும் ஒரே சீராகவும் இருக்கும். கொட்டை வண்டு உள்ளே இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். முளைத்து வரும் இளஞ்செடி செம்பு நிற இலையோடு இருக்கும் பத்துப் பதினைந்து நாள் பருவத்திலேயே இளந்தண்டு ஒட்டுக் கட்டலாம். ஜூலை, ஆகஸ்டில் காற்றில் ஈரப்பதம் இருப்பதால் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். ஆலைப் பருவமும் ஒட்டுப் பருவமும் இப்படி ஒன்றையொன்று தொட்டு வருவது நமக்கு வாய்த்த வசதி.

பருப்பு: சாக்லேட் வரை போகும் கொழுப்பு

நாற்றுப் பண்ணைக்குத் தேவைப்படுவது மொத்தக் கொட்டையில் ஒரு சிறு பகுதிதான். மிச்சம் மலையாகக் கிடக்கும். அங்கேதான் கொழுப்பு வருகிறது.

மாம்பருப்புக் கொழுப்பு அறை வெப்பத்தில் வெண்ணெய் போல உறைந்து நிற்கும். நம் உடல் சூட்டுக்கு அருகே உருகும். கோகோ வெண்ணெயின் குணமும் இதுதான். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டு கொண்டுவந்த சாக்லேட் விதிகளில், கோகோ வெண்ணெய் தவிர 5 சதவீதம் வரை சேர்க்க அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் மாம்பருப்புக் கொழுப்பும் ஒன்று. சால், கோகம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. சோப்பு, முகப்பூச்சு செய்பவர்களும் இதை வாங்குகிறார்கள்.

ஆனால் இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நிலக்கடலையிலும் எள்ளிலும் பாதிக்குப் பாதி எண்ணெய். மாம்பருப்பில் பத்தில் ஒரு பங்கு. செக்கிலோ சிறு எக்ஸ்பெல்லரிலோ ஆட்டினால் வரும் சொற்பமும் பிண்ணாக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். ஹெக்சேன் கரைப்பான் கொண்டு எடுக்கும் பெரிய ஆலையில்தான் முழுதாக வரும். அது தீப்பற்றும் பொருள். உரிமமும் பாதுகாப்பு ஏற்பாடும் இல்லாமல் யாரும் தொடக் கூடாது.

ஆகவே கிராமத்தில் செய்ய வேண்டியது எண்ணெய் எடுப்பதல்ல. எண்ணெய் ஆலை வாங்கும் தரத்தில் காய்ந்த பருப்பைத் தயாரிப்பது. அதற்கு நான்கு வேலை: கொட்டையைக் கழுவி ஒட்டியிருக்கும் சதையைப் போக்குவது, சிமென்ட் களத்தில் மெல்லிதாகப் பரப்பிக் காயவைப்பது, ஓட்டை உடைத்துப் பருப்பைப் பிரிப்பது, பருப்பை மீண்டும் காயவைத்து ஈரத்தை 10 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது. காய்ந்த பருப்பை ஒடித்தால் ‘டக்’ என்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. வாங்குபவரை முன்கூட்டியே பேசி, எந்தத் தரத்துக்கு என்ன விலை என்று எழுதி வாங்கிய பிறகு கொட்டையை இறக்குங்கள். சரக்கைச் சேர்த்துவிட்டு ஆள் தேடினால் விலையை அவர்தான் சொல்வார்.

உடைத்த ஓடு வீணல்ல. நன்றாக எரியும். பாய்லருக்கும் செங்கல் சூளைக்கும் போகும். சிறு உலர்த்தி வைத்திருக்கும் குழு, அந்த ஓட்டையே எரித்துப் பருப்பைக் காயவைக்கலாம். மழை நாளில் இது கைகொடுக்கும்.

தீவனமாகப் பருப்பு: ஓர் எச்சரிக்கை

காய்ந்த மாம்பருப்பில் மாவுச்சத்து பாதிக்கு மேல் இருக்கிறது. மக்காச்சோளத்தில் ஒரு பகுதிக்கு ஈடாகும். ஆனால் துவர்ப்பு தரும் டானினும் உண்டு. அது புரதத்தைக் கட்டிப்போட்டுச் செரிமானத்தைக் கெடுக்கும். பருப்பை உடைத்து இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காயவைத்து அரைத்தால் டானினில் ஒரு பகுதி போகும். பெரிய மாடுகளின் அடர்தீவனத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம் என்பது என் பரிந்துரை. கோழிக்கு இது ஒத்துக்கொள்வதில்லை. பச்சைப் பருப்பு மாவு சேர்த்தால் வளர்ச்சி குன்றும்.

பூஞ்சை பிடித்த பருப்பை எந்த உயிருக்கும் கொடுக்காதீர்கள். ஒடிசாவில் பழங்குடி மக்கள் பஞ்ச காலத்துக்கென மாம்பருப்பைச் சேமித்துக் கூழாக்கிச் சாப்பிடுவது உண்டு. 2001இல் ராயகடா மாவட்டம் காசிப்பூர் பகுதியிலும், 2024இல் கந்தமால் மாவட்டத்திலும் அந்தக் கூழைச் சாப்பிட்டவர்கள் இறந்துபோனார்கள். கெட்டுப்போன பருப்பின் மீதுதான் சந்தேகம் விழுந்தது. அவர்களை அதைச் சாப்பிடவைத்தது வறுமை. நமக்கு அதில் உள்ள பாடம், ஈரத்தோடு மூட்டை கட்டிய மாம்பருப்பு நஞ்சாகும் என்பது.

தோலைப் பற்றியும் இதே எச்சரிக்கை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மாந்தோல் பொடியை பிஸ்கட்டிலும் மக்ரோனியிலும் சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள். நார்ச்சத்து கூடுகிறது. ஆனால் நாம் தெளித்த பூச்சிமருந்தின் எச்சம் முதலில் தங்குவதும் தோலில்தான். தோலுக்கு ஒரு நாள் விலை வர வேண்டுமென்றால், அறுவடைக்கு முன் மருந்தை நிறுத்த வேண்டிய நாள்கணக்கைத் தோப்பிலேயே கடைப்பிடிக்க வேண்டும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அப்படிப் பழுத்த பழத்தின் தோல் மாட்டுக்கும் ஆகாது.

கொட்டினால் திரும்பி வரும்

‘இத்தனை வேலை யார் பார்ப்பது, கொட்டிவிட்டுப் போகட்டும்’ என்று தோன்றலாம். கொட்டினால் செலவு இல்லை என்று நினைப்பது தவறு. செலவு அடுத்த பருவத்தில், உங்கள் தோப்பில் வரும்.

மாங்கொட்டை வண்டு பிஞ்சின் மேல் முட்டையிடும். புழு துளைத்துக் கொட்டைக்குள் போய், அங்கேயே வளர்ந்து வண்டாகும். வெளியிலிருந்து பார்த்தால் பழம் நன்றாகவே இருக்கும். கொட்டை குவிந்து கிடக்கும் இடத்தில் வண்டு ஓட்டைத் துளைத்து வெளியே வந்து, பக்கத்து மரங்களின் பட்டை இடுக்கில் ஒளிந்துகொள்ளும். அடுத்த பூப்பருவம் வரை அங்கேயே காத்திருக்கும். உங்கள் தோப்பு ஓரத்தில் கொட்டிய ஒரு டிரெய்லர் கொட்டை, அடுத்த ஆண்டுக்கான வண்டு விதைப்பு.

பழ ஈயும் அப்படித்தான். ஆலை ஒதுக்கிய அழுகல் பழத்தில் புழு இருக்கும். குவியலிலிருந்து அது இறங்கி, மேல்மண்ணில் கூட்டுப்புழுவாகும். இந்த வெப்பத்தில் மூன்று நான்கு வாரத்தில் ஈ தயார். அப்போது உங்கள் தோப்பில் நீலம் போன்ற பின்பருவ ரகம் காய்த்து நிற்கும். பொறி வைத்து ஒரு பக்கம் ஈ பிடித்துக்கொண்டு, மறுபக்கம் அதை வளர்த்துக்கொண்டிருந்தால் பயன் என்ன?

எதற்கும் உதவாத கழிவை எருவாக்குங்கள். தோல் புளிப்பு என்பதால் அப்படியே மண்புழுத் தொட்டியில் போட்டால் புழு செத்துவிடும் அல்லது ஓடிவிடும். சம அளவு சாணமும் காய்ந்த இலைதழையும் அடுக்கடுக்காகப் போட்டு, டன்னுக்கு 5 கிலோ சுண்ணாம்பு தூவி, கறுப்புப் பாலிதீன் தாளால் மூடுங்கள். மூடினால் ஈ வராது, உள்சூட்டில் புழுவும் சாகும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை கிளறுங்கள். முதல் கிளறலுக்குப் பிறகு, சூடு தணிந்ததும் மண்புழுவுக்கு மாற்றலாம். அழுகல் பழத்தை மட்டும் தனியாக இரண்டடி ஆழக் குழியில் போட்டு மண்ணால் மூடிவிடுங்கள். சாண எரிவாயுக் கலனில் தோல் சேர்ப்பவர்கள் சாணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். புளிப்பு ஏறினால் எரிவாயு நின்றுவிடும்.

சேர்ந்து பேசினால்

இதுவரை சொன்னதில் தனி ஒருவர் செய்யக்கூடியது ஊறுகாய்ப் புல்லும் எருவும். நாற்றுக் கொட்டையும் காய்ந்த பருப்பும் குழுவாகச் செய்ய வேண்டியவை. உங்கள் பகுதியில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால், ஏப்ரல் மாதத்திலேயே ஆலையோடு பேச வேண்டியவை இவை:

• தோல், கொட்டை, அழுகல் பழம் ஆகிய மூன்றையும் தனித்தனியே வெளியேற்ற வேண்டும். கலந்துவிட்டால் மூன்றுமே குப்பை.

• எடுக்கும் நேரம் தினமும் இரண்டு முறை என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

• பழம் கொடுக்கும் விவசாயிகளின் குழுவுக்குக் கழிவில் முதல் உரிமை. காசு தர வேண்டியிருந்தால் விலை முன்கூட்டியே முடிவாக வேண்டும்.

• பழத்தைக் கழுவும் முறை, ஆவியில் சூடாக்குவது உண்டா என்ற விவரம்.

ஆலைக்கும் இதில் ஆதாயம் உண்டு. கழிவை அகற்ற வண்டிக்கும் ஆளுக்கும் அவர்கள் செலவு செய்கிறார்கள். ஊர்க்காரர்களின் புகாருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள் தவறாமல் வந்து எடுத்துப்போகும் ஒரு குழு அவர்களுக்கும் தேவை. அதனால் கைகட்டி நின்று கேட்க வேண்டாம், உட்கார்ந்து பேசலாம்.

களம், உலர்த்தி, கிடங்கு போன்றவற்றுக்கு வேளாண் உட்கட்டமைப்பு நிதித் திட்டத்தில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. உங்கள் குழுவுக்குப் பொருந்துமா என்று வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். முதல் ஆண்டே கடன் வாங்க வேண்டாம் என்பேன். முதல் பருவத்தில் பத்துப் பை ஊறுகாய்ப் புல், ஒரு டிரெய்லர் கொட்டை என்று தொடங்குங்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு கெட்டது, கூலி எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டைக் காட்டிக் கடன் கேட்டால் வங்கிக்காரரும் கேட்பார்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு சொல். பயிற்சியில் சாக்லேட்டையும் பெக்டினையும் மட்டும் காட்டினால் விவசாயி கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு பை ஊறுகாய்ப் புல்லை அவர் கையாலேயே மிதித்துக் கட்டவைத்து, நாற்பது நாள் கழித்து அவர் மாட்டின் முன் திறந்து காட்டுங்கள். மீதியை அவரே கேட்பார்.

தொழில்நுட்ப உதவிக்குக் கிருஷ்ணகிரிப் பகுதியில் இருப்பவர்கள் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையும் எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். மற்ற மாவட்டத்தினர் தங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். தீவனம் பற்றிய சந்தேகத்துக்குப் பக்கத்துக் கால்நடை மருந்தகம் போதும். மாடு படுத்தபின் போகாதீர்கள், தோல் வண்டி வருவதற்கு முன்பே போய்க் கேட்டுவிடுங்கள்.